எல்லாரும் சேர்ந்து எழுதிய பாடம்

வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போன நேரத்தில் அக்கா என்னைக் கூப்பிட்டார். குரலில் பதற்றம் இல்லை.

"பாப்பா, இங்க கொஞ்சம் வாயேன். தமிழ் எல்லாம் இன்னா இப்பிடி வருது?"

திரையில் நூலகத்தின் புத்தகப் பட்டியல் திறந்திருந்தது. தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள். ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்திலும் கேள்விக்குறிகள். அடுத்த பக்கம் போனேன், அதற்கடுத்ததும் போனேன். ஆங்கிலப் புத்தகங்கள் ஒழுங்காக இருந்தன. பிரெஞ்சுப் புத்தகங்கள், எழுத்துகளின் மேல் வரும் சின்னக் கோடுகள் உட்பட, அழகாக இருந்தன. தமிழ் மட்டும் ஒன்றுகூட இல்லை. ஒரு எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி, சொல்லுக்குச் சொல் சரியான இடைவெளி. ஆள் போன பிறகு காலடித் தடம் மட்டும் கிடப்பதைப் போல.

"இன்னிக்கு இதுல என்னக்கா பண்ணீங்க?"

"காலையில நீ லேபுக்குப் போனப்ப புரோகிராம் ஓட்டுனேன். நம்ம பாடத்துல இருக்கிறதுதான். ஒழுங்கா ஓடுச்சே. பிரெஞ்சு சரியா வருதான்னு பாக்கச் சொல்லியிருக்கு, அதையும் பாத்தேன். எல்லாத்தையும் ஏத்திட்டேன்."

சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

அக்காவும் நானும் பாண்டிச்சேரியில் ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் உதவியாளர்கள். நான் கணினிப் பொறியியல் படித்துவிட்டு, நூலகப் படிப்பும் முடித்து வந்தவள். அக்கா என்னைவிடப் பல வருடம் மூத்தவர். மூலக்குளத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். அவருடைய வேலை வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. ஒவ்வொரு மே மாதமும் அவர் சரியாகச் சாப்பிட மாட்டார், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இந்த வருடம் நூலகர் சார் வேறு மாதிரி சொல்லியிருந்தார். திங்கட்கிழமை ஆய்வுக் குழு வருகிறது, அது நல்லபடியாக முடிந்தால் நிரந்தரத்துக்கு அக்காவின் பெயரை அனுப்புகிறேன் என்று. அதற்கு முன்னால் பட்டியலைச் சுத்தம் செய்யச் சொன்னார். தலைப்புகளின் கடைசியில் தேவையில்லாமல் நிற்கும் சாய்கோடு, இரண்டு இரண்டாக விழுந்த இடைவெளி, இதையெல்லாம் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றாகத் திருத்தினால் மாதக்கணக்காகும். அக்கா புரோகிராம் எழுதினார்.

அவருக்குப் புரோகிராம் எழுதத் தெரிந்தது எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளால்தான். முத்தியால்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட ஹாலில், ஊரில் நூலக வேலை பார்க்கும் நாங்கள் கொஞ்சம் பேர் கூடுவோம். அந்தப் பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் கன்னியாஸ்திரி ஒருவர் ஹாலைத் திறந்துவிடுவார். நூலகக்காரர்களுக்கென்று நூலகக்காரர்களே தமிழில் எழுதிய புரோகிராமிங் பாடம் அது. இணையத்தில் இருக்கும், யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம். திருத்தத்தை இன்னொருவர் ஓட்டிப் பார்த்து "ஓடுது" என்று எழுதினால் அது பாடத்தில் சேர்ந்துவிடும். வகுப்பில் ஆளுக்கு இரண்டு நிறத் துண்டுக் காகிதம் தருவோம். முடித்தவர்கள் பச்சையை மடிக்கணினி முதுகில் ஒட்ட வேண்டும், உதவி வேண்டியவர்கள் சிவப்பை. முதல் நாளே அக்கா எழுந்து, "சிவப்பு ஒட்டிக்கிட்டு உக்காந்தா பெயிலானவ மாதிரி இருக்குங்க" என்றார். ஹால் முழுக்கச் சிரித்தது. அடுத்த வாரமே சிவப்பை மஞ்சளாக மாற்றினோம். அப்படித்தான் எல்லாமே. யாருக்கு என்ன இடறுகிறதோ, அதை மற்றவர்கள் எடுத்துப்போடுவார்கள்.

அக்கா என் கூடவே உட்கார்ந்து கற்றார். முதன்முதலில் அவர் எழுதிய ஆறேழு வரி ஒழுங்காக ஓடியபோது, கல்யாணப் பத்திரிகை மாதிரி அதைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினார்.

கேள்விக்குறிகளைப் பார்த்ததும் நான் ஒரு தாளை எடுத்தேன். எனக்குப் பழக்கம் அது. தமிழைத் திரும்ப எடுக்கக்கூடிய வழிகளை ஒவ்வொன்றாக எழுதினேன்.

பட்டியலிலிருந்து இறக்கி எடுத்த பழைய கோப்பு. இல்லை, புரோகிராம் அதன் மேலேயே எழுதிவிட்டது. பயிற்சி எளிதாக இருக்கட்டும் என்று பாடத்திலேயே அப்படித்தான் வைத்திருந்தோம்.

சர்வரின் பேக்கப். சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்குப் போன் செய்தேன். தேடிவிட்டுக் கூப்பிட்டார். "மேடம், ஆண்டு விழா வீடியோ ஏத்துனதுல டிஸ்க் ஃபுல்லாயிடுச்சு. அப்பறம் பேக்கப் எடுக்கவே இல்ல போல." அதற்கு முந்தைய பிரதி ஒன்று இருந்தது. தமிழ்ப் புத்தகங்களைப் பட்டியலில் ஏற்றுவதற்கு முன்பே எடுத்தது.

பட்டியலின் தேடுபொறி உள்ளே வைத்துக்கொள்ளும் பிரதி. அது தானாகப் புதுப்பித்துக்கொண்டுவிட்டது, கேள்விக்குறிகளோடு.

கேள்விக்குறியிலிருந்து எழுத்தைத் திரும்பப் பெறுவது. முடியாது. இதை மட்டும் நான் எழுதவில்லை. அக்கா பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார்.

"வருமா பாப்பா?"

"பாக்கறேங்க்கா."

"வராதுன்னா வராதுன்னு சொல்லு. நான் ஒண்ணும் விழுந்துட மாட்டேன்."

நான் தாளை மடித்தேன். அவர் போய் முகம் கழுவிவிட்டு வந்து, திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கத் தொடங்கினார். அன்று முழுக்க அவர் உட்காரவே இல்லை.

சாயங்காலத்துக்குள் காரணம் தெரிந்தது. பாடத்தில் இரண்டு வரிகள். இரண்டையும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பேர் சேர்த்தார்கள். முதல் வரி, பிரெஞ்சு எழுத்துகள் எக்செலில் கோணலாகத் தெரியாமல் இருக்க, கோப்பை ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய முறையில் சேமிக்கச் சொல்கிறது. அந்த முறைக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. தெரியாத எழுத்து வந்தால் புரோகிராம் நின்று கத்தியிருக்க வேண்டும். இரண்டாவது வரி அதைத்தான் தடுத்தது: தெரியாத எழுத்து வந்தால் நிற்காதே, கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போ. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் உபகாரம். சேர்ந்து அவை தமிழைத் துடைத்தன.

நாங்கள் யாரும் ஏன் பார்க்கவில்லை என்பதற்கும் காரணம் இருந்தது. பயிற்சிக்கு வைத்திருந்த கோப்பில் பிரெஞ்சும் ஆங்கிலமும்தான். கணினியில் தமிழ் எப்போதும் தொல்லை, எழுத்துரு எழுத்துருவாக மாறும், அதைத் தனிப் பாடமாக அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று ஆரம்பத்திலேயே பேசி முடித்திருந்தோம். தமிழில் எழுதிய பாடத்தில், தமிழர்கள் தமிழர்களுக்கு நடத்திய பாடத்தில், பயிற்சிக்கு ஒரு தமிழ்த் தலைப்பு கிடையாது.

வெள்ளிக்கிழமை காலையில் நானே சாரின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அக்காவை வரவேண்டாம் என்றேன், ஆனாலும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நின்றார். சார் முழுதும் கேட்டார். அவர் கத்துகிற மனிதர் அல்ல.

"அந்தப் பாடத்தை யாரு எழுதுனது?"

"எல்லாரும் சேர்ந்து எழுதுனது சார்."

"எல்லாரும்னா?"

"நாங்க எல்லாரும். யார் வேணும்னாலும் திருத்தலாம்."

"எல்லாரும்னா யாரும் இல்லன்னு அர்த்தம்மா." கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பிரின்சிபால் என்னைக் கேப்பாரு. நான் யாரைக் காட்டறது? ஓட்டுனது அந்தம்மா. ஏத்துனது அந்தம்மா. லாகின் அவங்க பேர்ல."

"பாடத்துல தப்பு சார். அவங்க பாடத்துல இருக்கிறதை அப்படியே செஞ்சாங்க."

"அப்போ பாடம் நடத்துறவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வா. தப்பு எங்களுதுன்னு. லெட்டர்ஹெட்ல. பாக்கறேன்."

வெளியே வந்தேன். நான் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன், பாக்கறேன் என்றாரே என்று. அந்த இரண்டு நாளும் அதை வைத்துத்தான் நகர்ந்தேன்.

இழந்தது எல்லாமே அலமாரியில்தான் இருந்தது. புத்தகத்தைத் திறந்தால் தலைப்பு அச்சிட்டு இருக்கிறது, பின்னட்டையில் பார்கோடு எண் ஒட்டியிருக்கிறது. அந்த எண் பட்டியலில் கெடாமல் இருந்தது. ஆக, ஒவ்வொரு தமிழ்ப் புத்தகத்துக்கும் தலைப்புப் பக்கம் ஒரு படம், எண்ணுக்கு ஒரு படம், பிறகு தட்டச்சு. வெளியாட்களைக் கல்லூரிக்குள் விட மாட்டார்கள். எனவே படங்களைக் குழுவின் வாட்ஸாப்பில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் முத்தியால்பேட்டையில் உட்கார்ந்து அடிப்பது என்று முடிவானது.

வெள்ளியும் சனியும் நானும் அக்காவும் அலமாரிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தோம். அவர் புத்தகத்தைப் பிரித்துப் பிடிப்பார், நான் எடுப்பேன். முதலில் பேசிக்கொண்டு செய்தோம். பிறகு "ம்" என்றால் அடுத்த பக்கம், "ம்ம்" என்றால் அடுத்த புத்தகம். சில பழைய புத்தகங்களில் தலைப்புப் பக்கமே கிழிந்து போயிருந்தது. அவற்றைத் தனியாக ஒதுக்கினோம். ஒதுக்கிய அடுக்கு வேகமாக வளர்ந்தது. சனிக்கிழமை நூலகத்தைப் பூட்டும்போது தமிழ்ப் பகுதியில் பாதிகூட முடியவில்லை.

"பாதி சரியா இருந்தா பாதி வேலை குடுப்பாங்களா?" என்று அக்கா கேட்டார். சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சிரித்தார், அதனால் நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் வழக்கத்தைவிட அதிகம் பேர். எல்லாரும் விஷயம் தெரிந்து வந்திருந்தார்கள். ஒரு தனியார் படிப்பகத்தில் பிரெஞ்சுப் புத்தகங்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் உண்டு, நாங்கள் அவரை பிரெஞ்சு வழக்கப்படி முசியே, அதாவது ஐயா, என்றே கூப்பிடுவோம். அவர்தான் முதலில் எழுந்தார்.

"அந்த மொத வரி என்னுதுதாம்மா. எங்க புக்கு தலைப்பெல்லாம் எக்செல்ல கந்தரகோலமா வந்துச்சு. நான்தான் போட்டேன்."

ஹாலைத் திறந்துவிடும் சிஸ்டர் உடனே சொன்னார்: "ரெண்டாவது என்னுது. பாதியில நின்னு நின்னு போவுது, படிக்க வர்றவங்க பயப்படுறாங்கன்னு சேத்தேன்."

"ஓடுதுன்னு எழுதுனது நாங்க," என்றார் இன்னொருவர். "பிரெஞ்சுல ஓட்டிப் பாத்துட்டு."

"முசியே, உங்க பிரெஞ்சு எங்க தமிழ முழுங்கிடுச்சு பாத்தீங்களா," என்றார் அக்கா. ஹாலில் சிரிப்பு எழுந்து பாதியிலேயே அடங்கியது. முசியே சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முதல் படத்தைத் திறந்து அடிக்கத் தொடங்கினார். அவருக்குத் தமிழ்த் தட்டச்சு வராது. ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி அடித்தார்.

மதியத்துக்கு மேல் கடிதத்தை எழுதினேன். லெட்டர்ஹெட் எங்களுக்கு இல்லை. அலுவலகம் இல்லை, தலைவர் இல்லை, முகவரி இல்லை. ஒரு வலைப்பக்கமும் ஒரு வாட்ஸாப் குழுவும்தான். அதனால் வெள்ளைத் தாளில் எழுதினேன். பாடத்தின் இந்த வரிகள் தவறு, பயன்படுத்தியவர் பாடம் சொன்னபடியே செய்தார், பொறுப்பு பாடத்தை எழுதிய எங்கள் எல்லாருக்கும். முசியே கையெழுத்துப் போட்டார். சிஸ்டர், மடத்துத் தலைவியான மதரிடம் கேட்க வேண்டும் என்று உள்ளே போய், திரும்பி வந்து போட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். அரசுப் பள்ளி நூலகத்தில் தற்காலிக வேலை பார்க்கும் ஒரு பெண் பேனாவை வாங்கி, தாளைப் படித்து, பேனாவை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"தப்பா நெனச்சிக்காத. என் பேரு இதுல இருந்தா நாளைக்கு எங்க ஆபீஸ்ல என்னைக் கேப்பாங்க. எனக்கும் மே மாசம் வருதுல்ல."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அன்று மற்ற எல்லாரையும்விட அதிகம் தட்டச்சு செய்தது அவர்தான்.

திங்கட்கிழமை, ஆய்வுக் குழு வருவதற்கு முன்பே சாரிடம் தாளைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் காலி.

"சீல் எங்கம்மா?"

"எங்களுக்கு சீல் இல்ல சார்."

"பதிவு பண்ண சங்கமா?"

"இல்ல சார்."

"தலைவர், செயலாளர்?"

"இல்ல சார். எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"அதான் கேக்கறேன். இத்தனை பேர்ல பொறுப்பு யாரு?"

"எல்லாருந்தான் சார். அதுலயே எழுதியிருக்கு."

அவர் தாளை மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். கிழித்துப் போட்டிருந்தால்கூட நான் ஏதாவது பேசியிருப்பேன். அவ்வளவு மரியாதையாக உள்ளே வைத்தார்.

குழு வந்தது. மூன்று பேர். மேசை நாற்காலிகளைப் பார்த்தார்கள், தீயணைப்புக் குழாயைப் பார்த்தார்கள், கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். அக்கா தேடும் கணினியின் பக்கத்தில் நின்றார். சார்தான் அப்படி நிற்கச் சொல்லியிருந்தார், கேள்வி வந்தால் பதில் சொல்லட்டும் என்று. நான் எதிரே புத்தக வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழுவில் ஒருவர் கணினியில் ஒரு ஆங்கிலத் தலைப்பை அடித்தார். வந்தது. தலையாட்டினார். இன்னொருவர், வயதானவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாண்டிச்சேரின்னா பிரெஞ்சு கலெக்‌ஷன் இருக்கணுமே."

ஒரு பிரெஞ்சுத் தலைப்பை அடித்தார். பட்டியல் வரிசையாக விழுந்தது. அவர் விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார்.

"வெரி நைஸ். ஆக்சென்ட் எல்லாம் கரெக்டா வருது. பெரிய பெரிய யுனிவர்சிட்டில கூட இது தப்பா இருக்கும். யாரு பண்ணது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார்: "நான்தாங்க."

"குட், குட்." எழுந்துவிட்டார். டீ ஆறுகிறது என்று யாரோ வந்து கூப்பிட்டார்கள்.

தமிழில் ஒரு தலைப்பை மூவரில் ஒருவரும் தேடவில்லை. எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அடுத்த நொடியே அதற்காக வெட்கமாக இருந்தது. எது போய்விட்டதென்று இத்தனை பேர் பதறினோமோ, அதை ஒருவர்கூடத் தேடவில்லை.

ஆய்வு நல்லபடியாக முடிந்தது. தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். அந்த வாரத்திலேயே ஆணை வந்தது. அக்காவின் ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருந்தார்கள், ஆனால் நூலகத்தில் அல்ல, மாணவியர் விடுதி அலுவலகத்தில். நிரந்தரத்துக்கு நூலகத்திலிருந்து எந்தப் பெயரும் போகவில்லை. நான் சாரிடம் போனேன்.

"வேலை போகலையே," என்றார். "நான் எவ்ளோ பேசி இந்த அளவுக்கு வெச்சிருக்கேன் தெரியுமா? கம்ப்யூட்டர்ல கைய வெக்காத எடமா பாருங்கன்னு மேல சொல்லிட்டாங்க."

அவர் பேசியிருப்பார். அதை நான் நம்புகிறேன்.

அக்கா தன் டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, பல நாளாக மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்ததை அவரிடம் சொன்னேன். தப்பு உங்களுடையது இல்லை, பாடத்தின் இரண்டு வரிகள், நீங்கள் எழுதிய புரோகிராம் சரியானது, நானே வரி வரியாகப் பார்த்தேன் என்று.

"பாடம் தப்புன்னா, ஹாஸ்டலுக்குப் போவப் போறது பாடமா?" என்றார்.

பிறகு என் கையைப் பிடித்து, "உன்னைச் சொல்லல பாப்பா" என்றார். அது இன்னும் மோசமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாலில் அந்த இரண்டு வரிகளையும் எடுத்தோம். புரோகிராம் தெரியாத எழுத்தைக் கண்டால் நிற்கும், எந்த வரியில் நின்றதென்று சொல்லும். புதுக் கோப்பில்தான் எழுதும். பயிற்சிக் கோப்பில் தமிழ்த் தலைப்புகளைச் சேர்த்தோம். முசியே, சிஸ்டர், நான், மூவரும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்த பிறகுதான் "ஓடுது" என்று எழுதினோம். அக்கா வரவில்லை. சாயங்காலம் போன் செய்தார்.

"அந்தப் பாடத்துக் கடைசியில எழுதுனவங்க பேரெல்லாம் இருக்குமில்ல, அதுல என் பேரு இருக்கா?"

"இருக்குக்கா. நீங்க சேத்த உதாரணம் ரெண்டு இருக்கே அதுல."

"எடுத்துடு."

"ஏங்க்கா?"

"நாளைக்கு வேற எவளுக்காவது போச்சுன்னா என்னைத் தேடி வரக்கூடாது. வீட்லயும் சொல்லிட்டாங்க, நமக்கு எதுக்கு இதெல்லாம்னு. சரின்னுட்டேன்."

எல்லாரும் பொறுப்பு என்று அவருக்காகத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கியவள் நான். அந்த எல்லாரிலிருந்து தன்னை எடுத்துவிடச் சொல்கிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது? கணினியைத் திறந்து, பெயர் வரிசையில் அவர் பெயரை நீக்கினேன். இன்னொருவர் ஒப்புதல் தராமல் அது பாடத்தில் சேராது. சிஸ்டருக்குப் போன் செய்து சொன்னேன். "அவங்க கேட்டாங்கன்னா சரி" என்றார்.

இப்போது தமிழ்ப் பகுதியில் மிச்சத்தை நான் ஒருத்தியே படம் எடுக்கிறேன். ஒரு கையால் புத்தகத்தைப் பிரித்துப் பிடித்து மறுகையால் எடுத்தால் படம் அசைந்துவிடுகிறது, திரும்ப எடுக்க வேண்டியிருக்கிறது. மாணவர்கள் வந்து தேடிவிட்டு, தமிழ்ப் புத்தகமெல்லாம் எடுத்துவிட்டார்களா மேடம் என்று கேட்கிறார்கள். இருக்கிறது, நேரில் போய்ப் பாருங்கள் என்று அலமாரியைக் காட்டுகிறேன். சிலர் போகிறார்கள்.